திறந்து பார்க்காத பேணி

வெள்ளம் நின்றபோது ஊர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வடிந்த பிறகுதான் நாறத் தொடங்கியது.

போன மாரிக்கு முந்தின மாரி அது. வயல் வட்டைகளுக்குள் செத்த மாடுகள் வேலியோரம் ஒதுங்கிக் கிடந்தன, வயிறு ஊதி, நாலு காலும் விறைத்து. பள்ளிக்கூடத்தில் வேறு மூன்று ஊர்ச் சனம் இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்தது. அத்தனை பேருக்கும் இரண்டு கக்கூசு. அதில் ஒன்றின் குழி நிரம்பி மேலால் வழிந்து, சரிவு பார்த்து, கிணற்றடிப் பக்கமாக ஒரு மெல்லிய வாய்க்காலாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் குடத்தோடு அதைத் தாண்டிப் போனார்கள். தாண்டும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள். பிறகு கிணற்றில் அள்ளி, அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். நானும் குடித்தேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வவுணதீவுக்கும் அங்கால். வாவிக்கு மற்றப் பக்கம் எழுவான்கரை. டவுண், அரசாங்கக் கந்தோர்கள், ஆமி எல்லாம் அங்கே. இந்தப் பக்கம் நாங்களும் இயக்கப் பொடியன்களும். இடையில் ஒரு துறை, துறையில் ஒரு சோதனைச் சாவடி. பற்றரி, சீமெந்து, மருந்து எதுவானாலும் அந்தச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வரக் கடிதம் வேண்டும். நரம்பில் ஏற்றுகிற சேலைன் போத்தலென்றால் கேட்கவே வேண்டாம். காயப்பட்ட பொடியன்களுக்குப் போய்விடும் என்று ஆமிக்குப் பயம். ஆகவே எங்கள் பக்கத்துச் சனத்துக்கு வருகிற நோய் வருத்தமெல்லாம் சேலைன் தேவைப்படாத வருத்தமாக இருக்கவேண்டும்.

ஊரில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. வைத்தியர் இல்லை. மருந்து கொடுக்கிற ஐயா டவுணில் இருந்து கிழமைக்கு இரண்டு நாள் வரவேண்டும். வந்த நாட்கள் குறைவு. நிரந்தரமாக இருந்தவர் காயத்துக்கு மருந்து கட்டுகிற அண்ணன் ஒருவர்தான். காய்ச்சலா, இருமலா, வயிற்றுக்குத்தா, எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய போத்தலில் இருந்து ரோஸ் நிறத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். சனம் கொண்டுவருகிற போத்தல் மண்ணெண்ணெய் மணக்கும். அவர் மணந்து பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு மருந்துதான்" என்று சொல்லி அதற்குள்ளேயே ஊற்றுவார்.

நான் சுகாதாரத் தொண்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் உயர்தரம் வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா மாட்டுப் பட்டி வைத்திருந்தவர், கைநாட்டுக்காரர். எனக்குக் கம்பஸ் போக இடம் கிடைக்கவில்லை. ஆனால் பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா ஒரு கிழமை வகுப்பு வைத்து, முத்திரை குத்திய கடிதம் ஒன்றும் தந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டினால் சாவடியால் நான் மட்டும் போய்வரலாம். அந்த ஒரு கிழமையில் படித்ததை ஒரு கொப்பியில் அழகாக எழுதி வைத்திருந்தேன். கொதித்தாறிய நீர், கைகழுவும் முறை, ஈயின் வாழ்க்கை வட்டம். ஈயின் படம்கூட வரைந்திருந்தேன். படிப்போடு எனக்கு இன்னொன்றும் வந்திருந்தது. பட்டிச் சாணிக்குள் புரண்டு வளர்ந்த எனக்கு எதைப் பார்த்தாலும் அருவருத்தது. அம்மா தேத்தண்ணி தந்தால் கோப்பையின் விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அது பெரிய நாகரிகம் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

முதலில் பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு பேருக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. மூன்றாம் நாள் ஏழு வீட்டில். நாலாம் நாள் அக்காவின் இளையவளுக்கு. ஒன்றரை வயதுப் பிள்ளை. அரிசி கழுவின தண்ணீர் போலப் போனது, நிற்கவே இல்லை. கண் குழிக்குள் போய்விட்டது. வகுப்பில் சொல்லித் தந்தபடி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளின இடம் கிள்ளினபடியே நின்றது. உப்பும் சீனியும் கரைத்துக் கரண்டியால் பருக்கினோம். நாலு கரண்டி உள்ளே போனால் ஆறு கரண்டி சத்தியாக வெளியே வந்தது.

"இதுக்கு சேலைன் ஏத்தோணும்," என்றார் மருந்து கட்டுகிற அண்ணன். "நீ போத்தலக் கொண்டு வா, ஊசிய நான் போடுறன். ரெண்டு மூணு நாளைக்குள்ள கொண்டு வா. அதுக்குப் பிறகு எண்டா கொண்டு வராத."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுணுக்குப் போகலாமே என்று யாரும் கேட்கக்கூடும். அத்தானை ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோன ஆமிக்காரர் இன்னும் விடவில்லை. அக்காவின் அடையாள அட்டை முன்னொரு தரம் இடம்பெயர்ந்த நேரம் துலைந்தது. அட்டை இல்லாத பெண், புருசன் பிடிபட்டவள், சாவடியில் போய் நின்றால் அவள் டவுணுக்கும் போகமாட்டாள், வீட்டுக்கும் வரமாட்டாள். பால்குடிப் பிள்ளையைத் தனியே என் கையில் தரவும் மாட்டேன் என்றாள். என் கடிதத்தில் பிள்ளையின் பேரும் இல்லை.

டவுணுக்குப் போய் பி.எச்.ஐ. ஐயாவின் கந்தோரில் நின்றேன்.

"தம்பி, வாயால சொன்னா ஏலாது," என்றார். "பரிசோதனையில கிருமி வரவேணும். மூண்டு நோயாளிட மலமாதிரி கொண்டு வா. கிருமி இரிக்கெண்டு வந்தா நான் கடிதம் தாறன். கடிதத்தைக் காட்டி சேலைனைக் கொண்டு போ."

"அதுக்குப் போத்தல் தருவீங்களா ஐயா?"

"போத்தல் முடிஞ்சு. பேணியில கீணியில கொண்டு வா. மூடி இறுக்கமா இரிக்கோணும், சொல்லிப்போட்டன். எனக்கு மணக்கப்படாது."

நிவாரணத்தில் வந்த பால்மாப் பேணிகள் மூன்று எடுத்தேன். தகரப் பேணி, அமத்திப் பூட்டுகிற மூடி. பிளாஸ்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி ஒட்டினேன். கொப்பியில் பேர், வயது, ஓட்டம் தொடங்கிய நாள் எல்லாம் கோடு போட்டு எழுதினேன். இவ்வளவும் செய்தவன், பேணிகளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, லேஞ்சித் துண்டை மூக்கில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய் நின்றேன்.

"நீ எடுத்துப் போடு அக்கா. மத்த ரெண்டு வீட்டுக்கும் நீயே குடுத்து வாங்கு. எனக்குச் சத்தி வருது."

"ஓம் ஓம், துரைக்கு மணக்கும்," என்றாள் அக்கா. இரண்டு இரவு நித்திரை இல்லாத முகம். அதிலும் அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. "உன்ட பீயக் கழுவினதும் இந்தக் கைதான்டா மனே. மறந்திராத."

அடுத்தநாள் காலமை மூன்று பேணியும் வாசலில் இருந்தன, மூடி இறுக்கி, மேலே சீலைத் துண்டால் கட்டி. வெளிப்பக்கத்தைச் சாம்பல் போட்டு மினுக்கித் துடைத்தும் இருந்தார்கள். நான் திறந்து பார்க்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள்.

"மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் ஒரு சிப்பாய். என் வயதுதான் இருக்கும்.

எனக்கு மலத்துக்குச் சிங்களச் சொல் தெரியாது. "டொக்டர், டெஸ்ட்," என்றேன். அவன் சீலையை அவிழ்த்து மூடியை நெம்பினான். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் கத்தினான். மற்றவர்கள் ஓடிவந்தார்கள், பார்த்தார்கள், பிறகு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் விடவில்லை. உள்ளே ஏதும் ஒளித்திருப்பேனோ என்று, அரிசி மூட்டைகளைக் குத்திப் பார்க்கிற கம்பியால் மூன்று பேணிக்குள்ளும் குத்திப் பார்த்தான். கம்பியைப் புல்லில் இரண்டு தரம் துடைத்தான். அடுத்த ஆள் டவுணில் இருந்து அரிசி மூட்டையோடு வந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரர். அதே கம்பி அவருடைய மூட்டைக்குள் இறங்கியது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈயின் வாழ்க்கை வட்டம் படித்தவன். "அந்தக் கம்பியைக் கழுவுங்க" என்று சைகையாலாவது சொல்லியிருக்கலாம். கமக்காரர் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் கரைக்குப் போனார்.

பரிசோதனைக் கூடத்தில் பேணிகளை வாங்கிக்கொண்டு நாளையின்றைக்கு வா என்றார்கள். கிருமி வளர நேரம் வேண்டுமாம். அந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்தேன். அழுதது, பிறகு அழவில்லை. அழுகை நின்றதும் பக்கத்து வீட்டார் "இப்ப கொஞ்சம் சுகம் போல" என்றார்கள். மருந்து கட்டுகிற அண்ணன் வந்து தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் ஒரு வயதுபோனவர் செத்தார். அவரைத் தூக்கிய பாயைப் பெண்கள் கிணற்றடியில் வைத்துக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று நான் எழுதத் தேவையில்லை.

மூன்றாம் நாள் பி.எச்.ஐ. ஐயா ஒரு துண்டுக் கடதாசியை மேசையில் தட்டினார்.

"ஒண்டுமில்ல."

"என்ன ஐயா?"

"மூண்டிலயும் ஒண்டுமில்ல. பரிசோதிச்ச ஆள் கேக்கிறார், எந்த ஊர் ஆக்களப்பா இது, என்ட வயித்த விட அவங்கட வயிறு நல்லா இரிக்கே எண்டு." அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லு தம்பி. சேலைன் எடுத்துத் தரச் சொல்லி உன்ன அங்கால ஆரும் அனுப்பினதா?"

அந்தக் கேள்வி கந்தோருக்குள் இருந்தால் கேள்வி. வெளியே போய் ஒரு சிப்பாயின் காதில் விழுந்தால் அத்தான் போன இடத்துக்கு நானும் போவேன். "இல்ல ஐயா, பிள்ளை சாகப்போகுது ஐயா," என்றேன்.

"அப்ப கிருமி வந்திரிக்கோணுமே," என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். பிள்ளை அவள் மடியில் துணி போலக் கிடந்தது. அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்லதுதானே தம்பி," என்றாள். "ஒண்டுமில்ல எண்டு சொன்னா நல்லதுதானே. மறுகா ஏன் சேலைன் தரமாட்டானாம்?"

"நோய் இல்லாட்டி என்னத்துக்குச் சேலைன்? அதுக்குள்ள நோய் இரிந்திரிக்கோணும் அக்கா! இவள்ட ஓட்டத்தத்தானே போட்டாய்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஏதோ பேசக்கூடாததைப் பேசியது போல.

"இவள்டயா? அந்த ஊத்தத் தண்ணியையா? பெரியாக்கள்ட கந்தோருக்கு அதையா அனுப்புவாங்க? மூத்தவள்டயத்தான் போட்டன். நல்லா, கட்டியா இரிந்திச்சு."

மூத்தவளுக்கு ஆறு வயது. வருத்தம் ஒன்றும் இல்லை. மூலையில் இருந்து மாங்கொட்டை சூப்பிக்கொண்டிருந்தாள்.

"மத்த ரெண்டு வீட்டிலயும்?"

"நாங்க மூணு பேரும் கதைச்சுத்தான் போட்டம். ஒரு வீட்டுப் புள்ள முதல்ல வருத்தக்காரன்ட ஓட்டத்தத்தான் சருவுச்சட்டியில எடுத்து வச்சிரிந்தவள். நான்தான் பேசினன். 'என்ட தம்பி கொண்டு போய்க் குடுக்கிற சாமான், அவன்ட வேலைக்கு மரியாதைக் கேடு, நல்லதாப் பாத்துப் போடு' எண்டன். மறுகா அவள் தன்ட சுகமான மகன்டயப் போட்டாள்." பிள்ளையின் உதட்டை ஈரத் துணியால் தொட்டாள். "நீ ஏன்டா சொல்லல்ல, வருத்தக்காரர்டதான் வேணுமெண்டு?"

நான் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். கொப்பியில் 'நோயாளியின் மலமாதிரி' என்று எழுதியிருந்தேன். அந்தக் கொப்பியை அக்கா வாசிக்கமாட்டாள். வாயால் நான் சொன்னது, "எடுத்துப் போடு, எனக்குச் சத்தி வருது" என்பது மட்டும்தான். மூன்று பேணியையும் பையில் போட்டு நான்கு கட்டைத் தூரம் நடந்தேன். ஒரு தரமாவது தண்ணீர் சளசளத்ததா? இல்லை. பாரமாகக்கூட இருந்தது. ஒரு நிமிசம் திறந்து பார்த்திருந்தால் போதும். சிப்பாய் பார்த்தான், அவன் கூட்டாளிகள் பார்த்தார்கள், பரிசோதிக்கிறவர் பார்த்தார். அந்தப் பிள்ளையின் மாமன் பார்க்கவில்லை.

அன்றைக்கு நானே எடுத்தேன். பிள்ளைக்குக் கீழே சிரட்டையைப் பிடித்து, வந்ததைப் பேணிக்குள் ஊற்றினேன். கையில் பட்டது, மணிக்கட்டால் வழிந்தது. மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் அப்படியே செய்தேன். அந்தப் பெண்கள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்கள். எனக்கு இரண்டு தரம் சத்தி வந்தது. வேலியோரம் எடுத்துவிட்டு வந்து திரும்பவும் குனிந்தேன்.

அடுத்தநாள் கந்தோருக்குப் போனபோது மத்தியானம். பி.எச்.ஐ. ஐயா சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் குழம்பு. நான் நடந்ததைச் சொன்னேன்.

"அறிக்கை வந்து முடிஞ்சிது தம்பி. அதே ஊர், அதே பேர். திரும்ப அனுப்பினா என்னை என்ன நினைப்பாங்கள்? அப்பிடி அனுப்பினாலும் இன்னும் ரெண்டு நாள் செல்லும்."

"பிள்ளைக்கு ரெண்டு நாள் இல்ல ஐயா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

நான் முதலாவது பேணியை அவருடைய சோற்றுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைக் கழற்றினேன். யோசித்துச் செய்ததல்ல. வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த மணம் பழகின மணமல்ல. பச்சை மீன் அழுகினது போல, அதோடு ஒரு இனிப்பும். அவர் கதிரையோடு பின்னால் போனார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூடு! மூடுடா! விசரா உனக்கு?"

"பாருங்க ஐயா. இதுதான் வருத்தம்."

"தெரியும்! இதத் தெரியாமலா நான் இருவது வருசம் வேலை செய்யிறன்? மூடு முதல்!"

நான் இரண்டாவதையும் கழற்றினேன். அவர் ஜன்னலடிக்குப் போய் நின்று மூச்சு வாங்கினார். பிறகு திரும்பாமலே பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது, களைத்த குரல்.

"இஞ்ச பார். நான் வாந்திபேதி எண்டு எழுதினா நாளைக்கே துறைய மூடிப்போடுவாங்கள். பிறகு உன்ட சேலைனும் போகாது, அரிசியும் போகாது, நீயும் போகமாட்டாய். அறிக்கையில கிருமி இல்லையெண்டு வந்தது ஒரு வகையில உங்களுக்கு நல்லம். சாதாரண வயிற்றோட்டம் எண்டு போட்டு நான் சேலைனுக்குக் கடிதம் தாறன். ஆனா காரணம் ஒண்டு எழுதோணும். கக்கூசு நிரம்பினது எண்டு எழுதினா, நிரம்பும் வரைக்கும் நீ என்ன செஞ்ச எண்டு என்னைத்தான் கேப்பாங்கள்."

எழுதினார். கையெழுத்து அழகானது. 'பிரதேச மக்களின் சுகாதாரமற்ற பழக்கவழக்கங்களே இதற்குக் காரணம் என அவதானிக்கப்பட்டது.' கீழே தொண்டர் கையொப்பம் என்று ஒரு கோடு.

"வச்சிட்டுக் கொண்டு போ."

ஒரு கக்கூசுக்கும் கிணற்றுக்கும் தூரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று எனக்கு அந்த மேசையில் இருந்தே சொல்லித் தந்தவர் அவர். அந்தத் தூரத்தைச் சொல்லி மூன்று கடிதம் நானே அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் அந்த மேசை லாச்சிக்குள் கிடந்திருக்கும். கைநாட்டு வைக்காமல் பேனையால் ஒப்பம் வைக்கிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான். அந்த வசனத்துக்குக் கீழே வைத்தேன். எழுத்து சுத்தமாகத்தான் வந்தது.

கடிதத்தைக் காட்டியதும் பன்னிரண்டு போத்தல் தந்தார்கள். சாவடியில் எட்டைத்தான் தாண்ட விட்டார்கள். வீட்டுக்கு வரும்போது பொழுது சாயவில்லை. மருந்து கட்டுகிற அண்ணன் பிள்ளையின் கையில் நரம்பு தேடினார், கிடைக்கவில்லை. காலில் தேடினார். ஐந்தாம் குத்தில் கிடைத்தது. போத்தலைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டாவது போத்தல் பாதி இறங்கும்போது பிள்ளை மூத்திரம் பெய்தது. அக்கா, "பெஞ்சிட்டாள், பெஞ்சிட்டாள்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். மிச்சப் போத்தல்களுக்கு வாசலில் ஒன்பது பேரைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். யாருக்கு முதலில் என்று மருந்து கட்டுகிற அண்ணன் என்னிடம் கேட்டார். நான் போத்தல்களை அவர் பக்கம் தள்ளினேன். அவரே பார்த்துப் போட்டார். ஒன்பதில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. டவுணில் இருந்து வந்தது. பி.எச்.ஐ. ஐயாவின் அதே வசனம், தட்டச்சில். கீழே அவர் பெயரும் என் பெயரும். கக்கூசு இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளை சதை வைத்திருந்தது.

"என்ன தம்பி எழுதிக் கிடக்கு? உன்ட பேரும் இரிக்கெண்டு சொன்னாங்க."

பொய் சொல்லியிருக்கலாம். அவளால் வாசிக்க முடியாது. ஆனால் ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினேன்.

அக்கா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கோபப்படவில்லை. எனக்குப் புத்தி சொல்வது போல, மெதுவாகத்தான் சொன்னாள்.

"பாத்தியாடா? நாங்க நல்லதக் குடுத்தப்ப ஒண்டும் சொல்லல்ல. நீ ஊத்தையக் கொண்டு போய்க் காட்டினாய். ஊத்தை எண்டு எழுதிப்போட்டாங்க."